பாய்மரப் படகின் இன்ஜினும் ஷாஃப்ட்டும்: ஒரு பேப்பர் கனம் தவறினால் என்ன ஆகும்?

இந்தியக் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகு 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பியது. படகில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. 17 மீட்டர் நீளமுள்ள படகு. எட்டு மாதப் பயணம். நம்பியது காற்றை மட்டும்.

அந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும். காற்றில்தானே ஓடுது, அப்போ இந்தப் படகுகளில் இன்ஜினே கிடையாதா?

உண்டு. கிட்டத்தட்ட எல்லாப் பெரிய பாய்மரப் படகிலும் ஒரு டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். உலகைச் சுற்றும் போட்டிகளில் புகழ்பெற்ற 'வாந்தே குளோப்' போட்டியில், இன்ஜினைக் கொண்டு யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, தொடங்கும்போதே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு சீல் வைத்துவிடுவார்கள். சீல் வைக்க அவர்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். இன்ஜின் பேட்டரி சார்ஜ் செய்ய ஓடலாம். ஆனால் அதன் சக்தி தண்ணீரைத் தொடக் கூடாது. இன்ஜினுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு இணைப்புதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். இரண்டு இரும்புத் தட்டுகள், நாலு போல்ட். ஆனால் அந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவே ஒரு ஏ4 தாளின் கனம் அளவுக்கு மேல் கோணல் இருந்தால், அதன் பலன் கியர்பாக்ஸில் தொடங்கி, படகுக்குள் தண்ணீர் வருவது வரை போகலாம்.

பாய் இருக்க இன்ஜின் எதுக்கு?

நடுக்கடலில் பாய் ராஜா. துறைமுக வாயிலில் கதை வேறு.

கொச்சியையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளைத் தாண்டி உள்ளே வரும் கால்வாயில், வல்லார்பாடம் முனையத்துக்குப் போகும் கன்டெய்னர் கப்பல், மீன்பிடிப் படகுகள், ஃபெர்ரி, வாட்டர் மெட்ரோ எல்லாம் ஒரே தண்ணீரில் ஓடுகின்றன. வற்றம் ஏற்றத்துக்கு ஏற்ப நீரோட்டம் உள்ளேயும் வெளியேயும் இழுக்கும். அந்த இடத்தில் காற்று நின்றுபோனால், பாய்மரப் படகு தன் விருப்பப்படி எங்கேயும் போக முடியாது. நீரோட்டம் இழுத்த பக்கம்தான் போகும். போல்காட்டி தீவின் மரீனாவில் படகைக் கட்டவும், பின்னால் எடுக்கவும், கப்பலுக்கு வழிவிடவும் இன்ஜின் வேண்டும்.

கொச்சியைத் தளமாகக் கொண்ட கடற்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பல்களான 'தரங்கிணி', 'சுதர்ஷினி' இரண்டிலும் டீசல் இன்ஜின்கள் இருக்கின்றன. மூன்று பாய்மரமும் இருபது பாயும் இருந்தாலும் நிலைமை இதுதான்.

நம்ம ஊர் உதாரணம் இன்னும் நெருக்கம். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற மரத் தோணிகள் ஒரு காலத்தில் முழுக்கப் பாயை நம்பியவை. பிறகு அவற்றில் இன்ஜின் ஏறியது. நம் கப்பல் துறை நிர்வாகத்தில் இவற்றுக்கு இன்றும் 'இயந்திரம் பொருத்திய பாய்மரக் கப்பல்' என்றுதான் பெயர். பாய்க்காகக் கட்டிய மர உடலில் இன்ஜினை இறக்கி, அதன் சக்தியைப் பின்புறம் துளை போட்டு வெளியே கொண்டுபோனபோது, நாம் பேசப்போகும் எல்லாப் பிரச்சினையும் கூடவே வந்தது.

இன்ஜினிலிருந்து தண்ணீர் வரை: நடுவில் என்னென்ன இருக்கு?

வரிசையாகப் பார்ப்போம்.

இன்ஜின்: சிறிய பாய்மரப் படகில் பெரும்பாலும் 20 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான டீசல். முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று சுற்றும். நேரடியாக உடலில் இறுக்கமாட்டார்கள். அதிர்வைத் தாங்க நான்கு ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கும்.

கியர்பாக்ஸ்: முன்னே, நியூட்ரல், பின்னே. கூடவே சுற்று வேகத்தைப் பாதி அல்லது அதற்கும் கீழாகக் குறைக்கும். புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும்.

கப்ளிங்: கியர்பாக்ஸின் பின்னால் ஒரு வட்டத் தட்டு. ஷாஃப்ட்டின் முனையில் இன்னொரு வட்டத் தட்டு. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து போல்ட் போடுவார்கள்.

ஷாஃப்ட்: பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. 25 மி.மீ விட்டமுள்ள ஷாஃப்ட் என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ எடை.

சீல்: ஷாஃப்ட் படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடம். சுற்றும் ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது இதன் வேலை. பழைய முறையில் மசகு ஊறிய கயிறு திணித்த கிளாண்ட்; அதில் ஷாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாகக் கசிவது இயல்பு.

ஸ்டெர்ன் டியூப், பேரிங்: சீலுக்கு வெளியே, உட்பக்கம் நீளவாக்கில் பள்ளங்கள் கொண்ட ரப்பர் பேரிங். இதற்கு எண்ணெய் கிடையாது. கடல் தண்ணீர்தான் மசகு.

புரொப்பெல்லர்: கடைசியில்.

இந்த ஏழில் ஆறு பாகங்கள் கடையில் கிடைக்கும் வடிவத்திலேயே வேலை செய்யும். கப்ளிங் மட்டும் ஒவ்வொரு படகிலும் அந்தப் படகுக்கென்றே சரிசெய்யப்பட வேண்டும். காரணம் எளிது. கியர்பாக்ஸ் ரப்பர் மவுன்ட் மேல் நிற்கிறது. ஷாஃப்ட் படகின் உடலில் இருக்கும் பேரிங்கில் நிற்கிறது. தனித்தனி இடத்தில் நிற்கும் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவது அந்த இரண்டு தட்டுகளின் வேலை.

அந்த நாலு போல்ட் எவ்வளவு தாங்குது?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

30 குதிரைத்திறன் இன்ஜின், அதாவது சுமார் 22 கிலோவாட். 3,000 சுற்றில் இதன் முறுக்குவிசை ஏறத்தாழ 70 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் வேகத்தைப் பாதியாக்கினால், முறுக்குவிசை இரட்டிப்பாகி 140 ஆகும். கப்ளிங்கின் முதல் வேலை இந்த முறுக்கைக் கடத்துவது.

இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது, தண்ணீர் புரொப்பெல்லரை முன்னால் தள்ளுகிறது. அந்த உந்துதல் ஷாஃப்ட் வழியாக வந்து, கப்ளிங்கைத் தாண்டி, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இறங்கி, மவுன்ட் வழியாகப் படகைத் தள்ளுகிறது. படகு நகர்வதே இப்படித்தான். 22 கிலோவாட்டில் பாதிதான் பயனாகிறது என்று வைத்துக்கொண்டால் 11 கிலோவாட். படகு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில், அதாவது 6 நாட் அளவில் போனால், உந்துதல் சுமார் 3,700 நியூட்டன். எளிதாகச் சொன்னால் 370 கிலோ. ஐந்து பெரிய ஆட்கள் அந்த ஷாஃப்ட்டின் முனையில் சாய்ந்து தள்ளுவது மாதிரி.

பின்னோக்கி கியர் போட்டால் இது தலைகீழ். இப்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் படகிலிருந்து வெளியே உருவ முயல்கிறது. அப்போது ஷாஃப்ட்டைப் பிடித்து வைத்திருப்பது கப்ளிங் மட்டும்தான்.

ஒரு பேப்பர் கனம்: அந்தக் கணக்கு என்ன?

படகு மெக்கானிக்குகள் உலகம் முழுக்கப் பின்பற்றும் ஒரு கைக்கணக்கு உண்டு. கப்ளிங்கின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கோணல் கூடாது. மெட்ரிக்கில் சொன்னால், 100 மி.மீ தட்டுக்கு 0.1 மி.மீ. நாம் பிரின்டரில் போடும் சாதாரண ஏ4 தாளின் கனம் அதே அளவுதான். இது பொது வழக்கு. இன்ஜின் அல்லது கப்ளிங் தயாரிப்பாளரின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் செல்லும்.

கோணல் இரண்டு வகை.

ஒன்று, கோணப் பிழை. இரண்டு தட்டுகளும் ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். பாதி திறந்த புத்தகம் மாதிரி.

இரண்டு, இணைப் பிழை. தட்டுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும். ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே. சரியாக அடுக்காத இரண்டு தோசைக் கல் மாதிரி.

பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

"போல்ட் போட்டு இறுக்கிட்டா சரியாயிடுமே?" என்று தோன்றலாம். பார்வைக்கு சரியாகும். ஆனால் இறுக்கியதும் அந்தக் கோணல் ஷாஃப்ட்டின் வளைவாக மாறிவிடுகிறது. வளைந்த ஷாஃப்ட் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அந்த உலோகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்கி நிமிர்கிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் மணிக்கு 90,000 மடக்கல். பதினோரு மணி நேரத்தில் ஏறத்தாழ பத்து லட்சம். ஒரு கம்பியை மடக்கி மடக்கி உடைப்போமே, அதே சோர்வுதான் இங்கே மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

எப்படி அளக்குறாங்க?

இதற்குத் தேவையான முக்கியக் கருவி ஃபீலர் கேஜ். வெவ்வேறு கனத்தில் மெல்லிய எஃகு இலைகள் கொண்ட, சீப்பு மாதிரி விரியும் சின்னக் கருவி. விலை சில நூறு ரூபாய்தான். செய்முறை இப்படிப் போகும்:

1. போல்ட்களை முழுக்கக் கழற்றி, தட்டுகளைப் பிரிக்க வேண்டும். போல்ட் இருக்கும்வரை அளவு பொய் சொல்லும்.

2. ஷாஃப்ட்டைத் தாங்க வேண்டும். பிரித்ததும் ஷாஃப்ட்டின் முனை தன் எடையாலும், கப்ளிங் தட்டின் எடையாலும் தொங்கும். அந்தத் தொங்கலோடு அளந்தால், இன்ஜினைத் தவறான இடத்துக்கு இறக்கிவிடுவோம். அதனால் முனையை அதன் இயல்பான மையத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும்.

3. தட்டுகளைக் கையால் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். பல கப்ளிங்குகளில் ஒரு தட்டில் மெல்லிய வட்ட மேடும், மற்றதில் அதற்கேற்ற குழியும் இருக்கும். மேடு குழிக்குள் கையாலேயே வழுக்கிப் போனால் இணைப் பிழை பெரிதாக இல்லை. நெம்பித்தான் போகிறது என்றால், இருக்கிறது.

4. இப்போது ஃபீலர் கேஜ். கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி நிலைகளில் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மேல் கீழ் வித்தியாசம் இன்ஜினின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும். இடது வலது வித்தியாசம் பக்கவாட்டுத் திருப்பத்தைச் சொல்லும்.

5. ஷாஃப்ட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். முக்கியமான சோதனை இது. பெரிய இடைவெளி எப்போதும் 12 மணியிலேயே நின்றால், தப்பு இன்ஜின் நிற்கும் இடத்தில். ஷாஃப்ட்டோடு சேர்ந்து இடைவெளியும் சுற்றினால், ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது தட்டு ஷாஃப்ட்டுக்குச் செங்குத்தாக இல்லை. அப்படியானால் இன்ஜினை எவ்வளவு நகர்த்தினாலும் பிரயோஜனமில்லை. ஷாஃப்ட்டையும் தட்டையும் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டியதுதான்.

6. கடைசியில் திருத்தம். இதற்குப் பள்ளிக்கூட முக்கோணக் கணக்கே போதும். தட்டின் விட்டம் 100 மி.மீ. மேலே 0.3 மி.மீ இடைவெளி, கீழே ஒட்டி நிற்கிறது. முன் மவுன்ட்டுக்கும் பின் மவுன்ட்டுக்கும் நடுவே 400 மி.மீ. அப்போ 0.3ஐ 100ஆல் வகுத்து 400ஆல் பெருக்கினால் 1.2 மி.மீ. பின்புறம் அப்படியே இருக்க, இன்ஜினின் முன்புறத்தை 1.2 மி.மீ உயர்த்த வேண்டும். மவுன்ட்டின் மரை ஒரு முழுச் சுற்றுக்கு 2 மி.மீ ஏறும் என்றால், நட்டை அரைச் சுற்றும் இன்னும் கொஞ்சமும் திருப்பினால் போதும்.

முதலில் கோணப் பிழை, அடுத்து நான்கு மவுன்ட்டையும் சமமாக ஏற்றி இறக்கி இணைப் பிழை. ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் கலையும். அதனால் மூன்று நான்கு முறை அளந்து திருத்தி அளக்க வேண்டியிருக்கும். மவுன்ட் நட்டுகளை இறுக்கிய பிறகு இன்னொரு முறையும் அளக்கணும். இறுக்கும்போதே இன்ஜின் இம்மியளவு நகரும்.

எல்லாம் சரியென்றால் போல்ட். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் கூடாது. உயர் வலிமை கொண்டவை, தானாகக் கழலாத நட்டோடு. குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

கப்ளிங் ஷாஃப்ட்டில் உட்காரும் இடத்திலும் கவனம் வேண்டும். முறுக்கைக் கடத்துவது ஒரு சின்ன சாவிக்கட்டை. அது இருபக்கமும் இறுக்கமாகவும், தலைக்கு மேல் இம்மி இடைவெளியோடும் இருக்க வேண்டும். தலை தட்டினால் தட்டே மையம் விலகும். கப்ளிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. கியர்பாக்ஸ் இணைந்திருக்கும்போது அடித்தால் அந்த அடி நேராக அதன் பேரிங்கில் இறங்கும்.

படகு தண்ணியில இருக்கும்போதுதான் அளக்கணுமா?

ஆமாம். இதுதான் பலர் தவறும் இடம்.

கரையில், தாங்கு கட்டைகள் மேல் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவத்தில் இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் தாங்கும் விசை மாறுகிறது. உடல் லேசாக வளைகிறது. டீசல் டேங்க், தண்ணீர் டேங்க் நிரம்பினால் இன்னும் கொஞ்சம். பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை முறுக்கினால் படகின் நடுப்பகுதி மேலும் இழுபடும். மரப் படகு என்றால் பலகை தண்ணீர் குடித்து ஊதும். கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் நாம் தேடுவது 0.1 மி.மீ.

அதனால் கரையில் ஒருமுறை தோராயமாகச் சரிசெய்துவிட்டு, தண்ணீரில் இறக்கி, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, வழக்கமான எடையோடு கடைசி அளவு எடுப்பதுதான் முறை.

பெரிய கப்பலிலும் இதே தலைவலிதான், அளவு மட்டும் பெரிது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்'தில் நான்கு எல்எம் 2500 கேஸ் டர்பைன்கள், மொத்தம் சுமார் 88 மெகாவாட் சக்தியை இரண்டே ஷாஃப்ட்டுகளுக்கு அனுப்புகின்றன. பொதுவாகப் பெரிய கப்பல்களில் ஷாஃப்ட் கோட்டை அளக்கும் வேலையை இரவிலோ விடியற்காலையிலோ செய்வார்கள். பகலில் வெயில் படும் பக்கம் இரும்பு விரிந்து, கப்பலின் உடலே வளைந்துவிடும் என்பதுதான் காரணம்.

ரப்பர் கப்ளிங் போட்டா தொல்லை விட்டுதா?

சந்தையில் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

கடின கப்ளிங்: இரண்டு உலோகத் தட்டு, நேரடி இணைப்பு. எளிது, மலிவு, நீண்ட காலம் உழைக்கும். ஆனால் கோணலைக் கொஞ்சமும் மன்னிக்காது.

பிளவு கப்ளிங்: ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடிக்கும் வகை. போல்ட்டைத் தளர்த்தினால் ஷாஃப்ட்டிலிருந்து எளிதில் கழலும். உப்புக் காற்றில் துருவேறி, கப்ளிங்கும் ஷாஃப்ட்டும் ஒட்டிப்போய்க் கழற்ற முடியாமல் அவதிப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நெகிழ் கப்ளிங்: நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வட்டு. அதிர்வையும் கியர் மாற்றும்போது வரும் அதிர்ச்சியையும் குறைக்கும். புரொப்பெல்லரில் கயிறு சிக்கினால், கியர்பாக்ஸுக்குப் பதில் இது அடி வாங்கும். ஆனால் சீரமைப்பைச் சோம்பேறித்தனமாகச் செய்ய இது அனுமதிச் சீட்டு ஆகாது. கோணலோடு ஓடினால் ரப்பர் தேயும், கிழியும். முதலில் கடின கப்ளிங் மாதிரியே அளந்து சரிசெய்துவிட்டு, பிறகு வட்டை நடுவில் வைக்கச் சொல்லித்தான் பல கையேடுகளும் சொல்கின்றன.

தனி த்ரஸ்ட் பேரிங்கும் சிவி ஜாயின்ட்டும்: காரின் முன்சக்கர அச்சில் இருப்பது மாதிரியான ஜாயின்ட். உந்துதலைப் படகின் உடலில் பதித்த தனி பேரிங் வாங்கிக்கொள்ளும். இன்ஜின் மென்மையான மவுன்ட்டில் ஆடினாலும் கவலையில்லை. செலவும் இடமும் அதிகம்.

செயில்டிரைவ்: ஷாஃப்ட்டே வேண்டாம் என்ற வழி. இன்ஜினுக்குக் கீழே நேராக ஒரு கால் இறங்கி, அதன் முனையில் புரொப்பெல்லர். எல்லாம் தொழிற்சாலையிலேயே சேர்ந்து வருவதால் சீரமைப்பு வேலையே இல்லை. பதிலுக்கு, படகின் அடியில் பெரிய துளை, அதை மூடும் ரப்பர் உறை, தண்ணீரில் ஊறும் அலுமினிய உடல் ஆகியவற்றைக் காலாகாலத்தில் பார்க்கணும்.

தமிழ்நாட்டுக் கடற்கரை இதே பிரச்சினைக்கு வேறு வழி வைத்திருக்கிறது. வள்ளங்களில் பார்க்கும் 'லாங் டெயில்' இன்ஜின். இன்ஜினும் நீண்ட ஷாஃப்ட்டும் ஒரே சட்டத்தில் பிணைந்திருக்கும். முழுசாகத் தூக்கவும் திருப்பவும் முடியும். படகின் உடல் எப்படி வளைந்தாலும் இன்ஜினுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உறவு மாறாது. அலையில் மணலில் ஏறி இறங்க வேண்டிய படகுக்கு அது பொருத்தமான விடை.

தப்பானா என்ன ஆகும்?

கோணலோடு ஓடும் படகு முதல் நாளே நின்றுவிடாது. அதனால்தான் ஆபத்து. வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்.

முதலில் சத்தமும் அதிர்வும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை நடுங்கும். அடுத்து கியர்பாக்ஸின் பின் சீலில் எண்ணெய்க் கசிவு. ஸ்டெர்ன் டியூப் பேரிங் ஒரு பக்கம் மட்டும் தேயும். கிளாண்ட் சூடாகும், சொட்டு அதிகமாகும். இறுக்கி இறுக்கிப் பார்த்தும் நிற்காது. கப்ளிங்கைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் தெரியும். அது உலோகம் உலோகத்தோடு உரசித் துருவான பொடி. மவுன்ட் ரப்பர் விரியும். கடைசியில் ஒருநாள் போல்ட் ஒன்று உடையும், அல்லது ஷாஃப்ட்டைப் பிடிக்கும் திருகு கழலும்.

அது பெரும்பாலும் நடக்கும் தருணம், படகை நிறுத்த அவசரமாகப் பின் கியர் போடும்போது. உந்துதல் அப்போதுதானே ஷாஃப்ட்டை வெளியே இழுக்கிறது. கப்ளிங் விட்டுவிட்டால் ஷாஃப்ட் பின்னால் சரியும். பல பாய்மரப் படகுகளில் புரொப்பெல்லர் சுக்கானில் போய் மோதி நிற்கும். நல்லவேளை, ஷாஃப்ட் முழுக்க வெளியே போகாது. ஆனால் சுக்கான் சிக்கிக்கொள்ளும். இன்ஜினும் இல்லை, திருப்பவும் முடியாது, எதிரே துறைமுகச் சுவர்.

சுக்கான் தடுக்காத அமைப்பில் ஷாஃப்ட் முழுக்க நழுவினால், 25 மி.மீ துளை திறந்து கிடக்கும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே அந்த அளவுத் துளை வழியாக நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் குடிநீர்க் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு இரண்டரை கேன்.

இதற்கு ஒரு மலிவான காப்பு உண்டு. கப்ளிங்குக்கும் கிளாண்டுக்கும் நடுவே ஷாஃப்ட்டில் ஒரு கிளாம்ப் இறுக்கி வைப்பது. கப்ளிங் விட்டுவிட்டாலும் கிளாம்ப் கிளாண்டில் மோதி நிற்கும், ஷாஃப்ட் நழுவாது. கூடவே துளை அளவுக்குச் செதுக்கிய கூம்பு மரக்கட்டை ஒன்றைப் பக்கத்திலேயே கட்டி வைப்பார்கள்.

பாய்மரப் படகுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டுப் பாயில் ஓடும்போது, தண்ணீர் புரொப்பெல்லரைச் சுற்றிவிடும். ஷாஃப்ட்டும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சில கியர்பாக்ஸ்களில் இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய் ஓடும். அந்த வகையில் மணிக்கணக்காகச் சும்மா சுற்றவிட்டால் பேரிங் காயும். அதனால் சிலவற்றில் பின் கியரில் போட்டு நிறுத்தச் சொல்வார்கள், சிலவற்றில் கூடாது என்பார்கள். பாயில் ஓடும்போது மடங்கிக்கொள்ளும் புரொப்பெல்லர் இதற்கு ஒரு நல்ல தீர்வு.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

படகு வாங்கும் எண்ணம் பலருக்கும் இருக்காது. ஆனாலும் இது தூரத்து விஷயம் இல்லை.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் தூத்தூர் வட்டாரம் உட்பட கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் நிறையப் பேர் தொழில் செய்கிறார்கள். அவர்கள் போவது ஆழ்கடலுக்கு, நாள்கணக்கில். அங்கே கப்ளிங் போல்ட் உடைந்தால் இழுத்துவர இன்னொரு படகு வரும்வரை மிதக்க வேண்டியதுதான். மீன்பிடித் தடைக்காலம், தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகுகள் கரையேறி, இன்ஜினும் ஷாஃப்ட்டும் பழுது பார்க்கப்படும் காலம் அதுதான். தடை முடிந்ததும் முதல் நாள் முதல் மீனுக்கு ஓடும் அவசரத்தில், தண்ணீரில் இறக்கிய பிறகு எடுக்க வேண்டிய அந்தக் கடைசி அளவு விடுபட்டால், கடைசியில் செலவு டீசலிலும் தேய்ந்த பேரிங்கிலும் தெரியும்.

வேலை தேடும் இளைஞர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. கொச்சியின் களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறையும், குஞ்ஞாலி மரைக்காயர் பெயரிலான கடல்சார் பொறியியல் பள்ளியும் இருக்கின்றன. அதே களமசேரியில்தான் லேத் இயந்திரங்களுக்குப் பேர்போன எச்எம்டி தொழிற்சாலையும் இருக்கிறது. ஷாஃப்ட்டோடு சேர்த்து கப்ளிங்கின் முகத்தை லேத்தில் சமன் செய்வது, ஷாஃப்ட் கோட்டை லேசரால் அளப்பது எல்லாம் கப்பலோடு நின்றுவிடும் திறமைகள் இல்லை. ஊரில் ஓடும் தண்ணீர் பம்ப், நூற்பாலை மோட்டார், காற்றாலை கியர்பாக்ஸ் எல்லாவற்றிலும் இரண்டு சுற்றும் அச்சுகள் சந்திக்கும் இடத்தில் இதே கணக்குதான். டீசல் போய் மின்மோட்டார் வந்தாலும், ஷாஃப்ட் இருக்கும்வரை இது மாறாது.

படகில் ஏறுபவர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பழைய படகு வாங்குபவர்கள், பாய்மரப் பயிற்சிக்குச் சேருபவர்கள், மீன்பிடிப் படகில் பங்கு போடுபவர்கள் இவற்றைக் கேட்கலாம்:

• கப்ளிங் சீரமைப்பைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? தண்ணீரில் வைத்தா, கரையில் வைத்தா?

• இன்ஜின் மவுன்ட் மாற்றி எத்தனை வருடம்? மாற்றிய பிறகு மறுபடி அளந்தீர்களா? புது ரப்பரும் முதல் சில மாதங்களில் கொஞ்சம் அமுங்கும்.

• கப்ளிங்கைச் சுற்றிச் செம்பழுப்புத் தூளோ, கியர்பாக்ஸுக்குப் பின்னால் எண்ணெயோ இருக்கிறதா? டார்ச் அடித்து நீங்களே பாருங்கள்.

• ஷாஃப்ட் நழுவாமல் இருக்க கிளாம்ப் போட்டிருக்கிறதா? துளையை அடைக்க மரக்கட்டை எங்கே?

• பாயில் ஓடும்போது கியரை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது?

ஐந்துக்கும் உடனே பதில் சொல்லத் தெரிந்தவரின் படகில் தைரியமாக ஏறலாம். "அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்று மட்டும் பதில் வந்தால், ஏறுவதற்கு முன் இன்ஜின் அறை மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். போல்ட்டைக் கழற்றி, ஃபீலர் கேஜை நான்கு பக்கமும் செருகிப் பார்க்க ஒரு காலை நேரம் போதும்.